ஒரு பேராசிரியரும் சில மாணவரும்

சென்னைப் பல்கலைக்கழகம் 1857ஆம் ஆண்டு நிறுவப்பட்டது என்பதைப் பலரும் அறிவர். ஆயினும் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் அது எவருக்கும் பாடம் சொல்லித் தரவில்லை என்பதை அறிந்தோர் சிலரே. இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு எழுந்த அது தேர்வு நடத்தியது. தேறியவர்க்குப் பட்டம் வழங்கியது. கற்பித்தல் கல்லூரிகளின் வேலை. அந்தக் கல்லூரிகளில் வரலாறு என்றால் இங்கிலாந்து நாட்டு வரலாறே முதலிடம் பெற்றிருந்தது. மாணவர் அந்நாட்டு மன்னர்களின் ஆண்டுகளை மனப்பாடமாக ஒப்பிப்பார். தம் ஊர்க் கோயில் மதிலில் நான்கு பக்கமும் வெட்டப்பட்டிருந்த எழுத்து என்ன சொல்கிறது என்பதை அறியார். அறிந்திருக்க வேண்டும் என்று அவரிடம் எவரும் எதிர்பார்க்கவும் இல்லை.

கர்சன் பிரபு காலத்தில் 1904ஆம் ஆண்டு இயற்றப்பட்ட பல்கலைக்கழகச் சட்டம், பல்கலைக்கழகங்களே கற்பிக்கலாம், ஆராய்ச்சியும் நடத்தலாம் என்று வழிவிட்டது. அதன் பயன் சென்னையில் கனிவதற்குப் பத்தாண்டுகள் ஆயின. 1914இல் இந்திய வரலாறு, தொல்லியல் ஆகியவற்றுக்கென ஒரு பேராசிரியர் பதவி ஏற்படுத்தப்பட்டது. கும்பகோணத்தை அடுத்த சாக்கோட்டையில் பிறந்து, பெங்களூர் மத்தியக் கல்லூரியில் ஆசிரியராய் இருந்த எஸ். கிருஷ்ணசாமி அய்யங்கார் அப்பதவியை ஏற்று 1929 வரை வகித்தார். துறை என்று சொல்கிறோமே தவிர, அங்கு இருந்தது என்ன? ஒரு பேராசிரியர், உடன் பணியாற்றும் ஓரிருவர், விரல்விட்டு எண்ணத்தக்க ஆராய்ச்சி மாணவர். அவ்வளவே. இன்று நம் நகரங்களில் இயங்கும் தட்டச்சுப் பள்ளிகள்கூட அதைவிடக் கூட்டமாய் இருந்திருக்கும்.

அந்தச் சிறு கூட்டத்தின் கையில் என்ன இருந்தது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். ஹூல்ட்ஷ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1890இல் தென்னிந்தியக் கல்வெட்டுகளின் முதல் தொகுதியை வெளியிட்டிருந்தார். அரசுக் கல்வெட்டு அலுவலகத்தார் ஊர் ஊராய்ச் சென்று, கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் தட்டி, மை ஒற்றிப் படியெடுத்து வந்தனர். அந்த மைப்படிகளைப் பற்றிய சுருக்கக் குறிப்புகள் ஆண்டறிக்கைகளாய் வெளிவந்தன. எழும்பூரில் அரசு ஆவணக் களரி இருந்தது. கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் இருந்தது. சான்றுகள் குவிந்து கிடந்தன. அவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, இது முந்தியது, இது பிந்தியது, இது நம்பத்தக்கது, இது புனைந்தது என்று பிரித்துச் சொல்லும் பயிற்சி பெற்றவரே அரியர். அந்தப் பயிற்சிக்குப் பெயர்தான் வரலாற்றில் பட்டமேற்படிப்பு. வகுப்பில் அமர்ந்து குறிப்பெடுக்கும் படிப்பன்று அது. ஒரு பொருளை எடுத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் அதனோடு உழன்று, எழுதிய ஒவ்வொரு வரிக்கும் 'இதற்குச் சான்று எங்கே?' என்ற கேள்விக்கு விடை வைத்திருக்கும் படிப்பு.

கிருஷ்ணசாமி அய்யங்காரே வழிகாட்டினார். 1919இல் அவர் வெளியிட்ட விசயநகர வரலாற்றுச் சான்றுகள் என்னும் நூல், தமிழ், தெலுங்கு, வடமொழி இலக்கியங்களிலிருந்து வரலாற்றுக்கு உதவும் பகுதிகளைத் திரட்டித் தந்தது. புலவன் பாட்டை அப்படியே நம்புவதும் தவறு, புலவன் பாட்டுத்தானே என்று ஒதுக்குவதும் தவறு என்பதை அவருடைய மாணவர்கள் அங்கே கற்றனர்.

அம்மாணவர்களுள் ஒருவரைப் பற்றி நாம் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அவர் ஆர். சத்தியநாத அய்யர். மதுரை நாயக்கர் வரலாற்றை ஆராய்ந்து அவர் எழுதிய பெருநூல், தம் பேராசிரியரின் முன்னுரையோடு 1924இல் வெளிவந்தது. அந்நூலைப் புரட்டும் கத்தோலிக்க வாசகர் ஒரு கணம் திகைப்பார். பின்னிணைப்பாகப் பக்கம் பக்கமாய் இயேசு சபைக் குருக்களின் மடல்கள்! 1606இல் மதுரை வந்த தத்துவ போதகர் நொபிலியின் காலந்தொட்டு, அப்பணித்தளத்துக் குருக்கள் உரோமைக்கும் தம் தலைவர்களுக்கும் எழுதிய மடல்கள் அவை. இயேசு சபை 1773இல் கலைக்கப்பட்ட பின்னும் அவை அழியாது இருந்தன. சபை மீண்டும் மதுரைக்குத் திரும்பியபோது வந்த முதல் குருக்களுள் ஒருவராகிய பெர்த்ராந்து அடிகளார், அவற்றைத் திரட்டி 1847க்கும் 1854க்கும் இடையில் நான்கு தொகுதிகளாய்ப் பிரெஞ்சு மொழியில் பதிப்பித்தார். பிரான்சு நாட்டுப் பக்தர்கள் அவற்றைப் படித்துக் கண்ணீர் சொரிந்திருக்கலாம். பணித்தளத்துக்குக் காணிக்கையும் அனுப்பியிருக்கலாம். தமிழ்நாட்டின் வரலாற்றுக்கு அவை சான்றாகும் என்று கண்டு, ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்குள் அவற்றைக் கொண்டுவந்து நிறுத்தியவர் ஓர் இந்து மாணவர்.

எப்படி நிறுத்தினார் என்பதே கருதத்தக்கது. மடல் எழுதிய குரு அரசவை வரலாற்றாசிரியர் அல்லர். தம் சபைத் தலைவருக்கு ஞானப் பணியின் நிலையைத் தெரிவிக்கவே எழுதினார். படிப்போர் உள்ளம் உருக வேண்டும் என்ற எண்ணமும் அவருக்கு உண்டு. ஆனால் அவர் எழுதிய நாள் தெரியும். எழுதிய ஊர் தெரியும். அவ்வூரில் படை புகுந்தபோது அவர் அங்கேதான் இருந்தார் என்பதும் தெரியும். எனவே தாம் கண்டதாக அவர் சொல்வதற்கு ஒரு மதிப்பு; பிறர் சொல்லக் கேட்டதற்கு வேறு மதிப்பு; தம் கருத்தாக அவர் கூறுவதற்கு இன்னொரு மதிப்பு. திருமலை நாயக்கரின் இறுதிக் காலத்தில் மைசூர்ப் படையோடு நடந்த 'மூக்கறுப்புப் போர்' நம் பாட்டிமார் கதைகளிலும் வரும். அக்காலத்தில் இங்கே பணியாற்றியவரும், பின்னர் தமிழ்–போர்த்துகீசிய அகராதிக்காகப் புகழ்பெற்றவருமான புரோயென்சா அடிகளாரின் மடலிலும் அது வருகிறது. நாட்டு ஏடுகள் அப்போரில் சேதுபதி செய்த உதவியைப் பெருமையோடு பேசும். மடலோ படைவீரரின் கொடுமையையும் மக்கள் பட்ட பாட்டையும் பேசும். இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பவருக்கே போர் தெரியும்.

இதைப் படிக்கும்போது நமக்குக் குருமடத்து வகுப்பறை நினைவுக்கு வருகிறது. நற்செய்தி நூல்களைக் கற்பித்த பேராசிரியர்கள் நம்மிடம் கேட்ட கேள்விகளும் இவைதாம். எழுதியவர் யார்? யாருக்கு எழுதினார்? எந்த இலக்கிய வகையில் எழுதினார்? பன்னிரண்டாம் பயஸ் 1943இல் வெளியிட்ட விவிலியச் சுற்றுமடல் இக்கேள்விகளுக்குக் கதவைத் திறந்தது. 1965இல் இறைவெளிப்பாடு பற்றிய சங்க ஏடு அவற்றை உறுதிப்படுத்தியது. அதற்கும் முன்னரே, 1881இல், பதின்மூன்றாம் லியோ வத்திக்கான் ஆவணக் களரியை எல்லா ஆய்வாளர்க்கும் திறந்துவிட்டார். உண்மையை வெளியிட அஞ்சுவது வரலாற்றாசிரியனுக்கு அழகன்று என்ற பழைய உரோமானியரின் நெறியை அவர் அப்போது நினைவூட்டினார். கத்தோலிக்கர் சிலருக்கு அது அன்று உவப்பாக இல்லை. இன்றும் சிலருக்கு இல்லை.

சென்னையில் இவ்வாறு நடந்துகொண்டிருக்க, பம்பாயிலும் ஒரு சிறு அறையில் இதே வேலை நடந்தது. ஸ்பெயின் நாட்டுப் பார்சிலோனாவில் 1888இல் பிறந்த ஹென்றி ஹேராஸ் என்னும் இயேசு சபைக் குரு 1922இல் பம்பாய் வந்து, தூய சவேரியார் கல்லூரியில் வரலாறு கற்பிக்கலானார். இந்திய வரலாற்றை அவர் முன்பு கற்றவரல்லர். இங்கு வந்தபின் கற்றார். 1926இல் இந்திய வரலாற்று ஆராய்ச்சி நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அதே ஆண்டில் இந்திய மாணவர்க்கென வரலாறு எழுதும் முறை பற்றி ஒரு கைந்நூலும் எழுதினார். மறு ஆண்டில் விசயநகரத்து ஆரவீடு மரபைப் பற்றியும், 1933இல் பல்லவர் வரலாற்றைப் பற்றியும் நூல்கள் வந்தன. பின்னாளில் இந்தியத் தொல்லியலின் பெரும்பெயராய் விளங்கிய எச். டி. சங்காலியா, நாளந்தா பல்கலைக்கழகம் பற்றி அவரிடம்தான் ஆய்வேடு எழுதினார். ஜார்ஜ் மொராயஸ் என்னும் பொதுநிலையினர் கடம்பர் வரலாற்றை ஆராய்ந்து 1931இல் நூலாக்கினார். பிறகு இந்தியக் கிறிஸ்தவ வரலாற்றையும் எழுதினார். பொதுநிலையினர் என்ற சொல்லை வாசகர்கள் கவனிக்க வேண்டுகிறோம்.

சிந்துவெளி எழுத்துகளைத் திராவிட மொழியாகக் கொண்டு ஹேராஸ் அடிகளார் படித்துக் காட்டியபோது தமிழகம் மகிழ்ந்தது. அவர் படித்த வாசகங்களை அறிஞர் உலகம் ஏற்கவில்லை. ஆனால் மீன் வடிவம் விண்மீனைக் குறிக்கலாம் என்று அவர் சொன்ன ஒரு கருத்தைப் பின்வந்த ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டு இன்றுவரை விவாதித்து வருகின்றனர். ஆராய்ச்சியில் இவ்வளவு மிஞ்சினாலே பெரும்பேறு.

மீண்டும் சென்னைக்கு வருவோம். 1929இல் கல்லிடைக்குறிச்சி கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் பேராசிரியர் ஆனார். 1946 வரை இருந்தார். திருச்சி தூய வளனார் கல்லூரியில் பணியாற்றிய வி. ஆர். இராமச்சந்திர தீட்சிதரும் இதற்கு ஓராண்டு முன்னர் அத்துறையில் சேர்ந்திருந்தார். சாஸ்திரியாரின் சோழர் வரலாறு 1935, 1937 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தது. அதன் புகழை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அதன் மறுப்பைப் பற்றி ஒரு சொல். சோழ அரசு நடுவிலிருந்து எல்லாவற்றையும் ஆண்ட வல்லரசு என்ற அவர் சித்திரத்தை, 1980இல் பர்ட்டன் ஸ்டெயின் என்ற அமெரிக்க அறிஞர் கடுமையாய் மறுத்தார். நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் கல்வெட்டுகளை எண்ணிக் கணக்கிட்டு இருவரையுமே திருத்தினர். சாஸ்திரியார் ஒவ்வொரு கூற்றுக்கும் அடியில் கல்வெட்டின் எண்ணைக் குறித்து வைத்திருந்தார். அதனால்தான் அவரோடு சண்டையிட முடிந்தது. எண் குறிக்காமல் எழுதியவர்களோடு எப்படிச் சண்டையிடுவது?

சாஸ்திரியாரின் தலைமையில் அத்துறை இயங்கிய நாளில் ஓர் இளம்பெண் அங்கு ஆராய்ச்சி செய்தார். கடம்பி மீனாட்சி என்பது அவர் பெயர். 1905இல் பிறந்து, இளமையிலேயே தந்தையை இழந்து, தாயின் உழைப்பில் படித்து, மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். பல்லவர் காலத்து ஆட்சிமுறையும் மக்கள் வாழ்வும் அவர் எடுத்துக்கொண்ட பொருள். 1936இல் முனைவர் பட்டம் பெற்றார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் அப்பட்டம் பெற்ற முதல் பெண்மணி அவரே. ஆய்வேடு 1938இல் நூலாயிற்று.

அந்நூலில் மன்னரின் போர்கள் குறைவு. ஏரிகள் மிகுதி. கூரம் செப்பேடு சொல்லும் பரமேசுவர தடாகம், உத்திரமேரூரின் வைரமேக தடாகம், இவற்றை யார் வெட்டினர், யார் பேணினர், வண்டல் வார யார் பணம் கொடுத்தனர், எந்த வரி எதற்கு என்பன போன்றவற்றை அவர் பொறுமையாய்த் தேடினார். கடிகைகள் என்னும் கல்விச்சாலைகள், ஊர்ச்சபைகள், வழக்குத் தீர்த்த முறை, இசை, நடனம் என அந்நாளைய வாழ்வு முழுவதும் அவர் கண்ணில் பட்டது. நூலகத்தில் அமர்ந்து மட்டும் இதை எழுத முடியாது. அக்காலத்தில் ஒரு பெண் கோயில் கோயிலாய், குன்று குன்றாய்ச் சென்று கல்லின் முன் நின்று எழுத்தைப் படிப்பது எளிய காரியமா?

காஞ்சிபுரம் வைகுண்டப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றுச் சுவரில் வரிசை வரிசையாய்ப் புடைப்புச் சிற்பங்கள் உள்ளன. பல்லவர் குலத்தின் கதை அங்கே கல்லில் உள்ளது. பரமேசுவரவர்மன் வாரிசின்றி இறந்தபோது, காஞ்சிப் பெருமக்கள் வேற்றிடத்தில் ஆண்ட இரணியவர்மனிடம் சென்று அரசனைத் தருமாறு வேண்டினர். அவனுடைய மைந்தர் மூவர் மறுத்தனர். நான்காமவன், பன்னிரண்டு வயதுப் பாலகன், நான் போகிறேன் என்றான். தந்தை தயங்கினான். சிறுவன் காடும் மலையும் ஆறும் கடந்து காஞ்சிக்கு வந்து நந்திவர்மப் பல்லவமல்லனாய் முடிசூடினான். இது எட்டாம் நூற்றாண்டின் நடப்பு. சில சிற்பங்களின் கீழ் எழுத்து உண்டு. பலவற்றின் கீழ் இல்லை. மீனாட்சி ஒவ்வொன்றாய் நின்று பார்த்தார். எழுத்துள்ளவற்றைச் செப்பேடுகளோடு ஒப்பிட்டார். எழுத்தில்லாதவற்றை முன்பின் தொடர்பு கொண்டு இனங்கண்டார். மணற்கல் நாளுக்கு நாள் உதிரும் பொருள். அவர் பார்த்துக் குறித்தபோது இருந்த தெளிவு இன்று எல்லாச் சிற்பத்திலும் இல்லை.

பட்டம் கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை. பல்லவர் ஏரிகளை நன்கு அறிந்த அப்பெண்ணுக்கு ஒரு கல்லூரியில் நாற்காலி கிடைக்க மூன்றாண்டுகள் ஆயின. அதுவரை கட்டுரைகள் எழுதினார். கடைசியில் மைசூர் திவான் மிர்சா இஸ்மாயிலின் முயற்சியால் 1939இல் பெங்களூர் மகாராணி கல்லூரியில் துணைப் பேராசிரியர் ஆனார். 1940 மார்ச் 3ஆம் நாள் இறந்தார். வயது முப்பத்து நான்கு. வைகுண்டப் பெருமாள் கோயிற் சிற்பங்கள் பற்றிய அவருடைய நூலைத் தொல்லியல் துறை 1941இல் வெளியிட்டது. அச்சான நூலை அவர் பார்க்கவில்லை.

இந்தக் கதையைச் சொன்னால் நம் பங்கு மக்கள் என்ன விடை கூறுவர் என்பதை நாம் அறிவோம். நம் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் வேறு படிப்புகளில் இடமிருந்தும் வரலாற்றில் முதுகலை படிக்க விரும்பியபோது, அவருடைய தாய் பங்கு இல்லத்துக்கு வந்து, "சாமி, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. வரலாறு படிச்சிட்டு இவன் எங்க வேலைக்குப் போவான்?" என்று கேட்டார். அத்தாயைக் குறைகூற நமக்கு மனமில்லை. நாள்தோறும் தையல் பொறியின் முன் அமர்ந்து மகனைப் படிக்க வைத்தவர் அவர். வரலாற்றுத் துறைகள் பலவற்றில் ஆசிரியர் இடங்கள் நிரப்பப்படாமல் கிடக்கின்றன. ஆய்வுக்கு முதற்படியாய் இருந்த எம்.ஃபில். பட்டமும் 2022ஆம் ஆண்டின் விதிகளோடு நிறுத்தப்பட்டுவிட்டது. மீனாட்சியின் மூன்றாண்டுகளை நம் பிள்ளைகளும் கழிக்க வேண்டி வரும் என்பது வெறும் அச்சமன்று.

ஆயினும் மறுபக்கத்தையும் அத்தாயிடம் சொன்னோம். நம் பங்கு இல்லத்து இரும்புப் பெட்டியில் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திருமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவேடுகள் கிடக்கின்றன. இலத்தீனில் எழுதியவை. எண்ணற்ற எளியோரின் பெயரை, வேறெந்த ஏடும் எழுதாத பெயரை, அவை எழுதி வைத்துள்ளன. கோயிற் கல்வெட்டில் நிலம் தந்தவன் பெயர் இருக்கும். அந்நிலத்தை உழுதவன் பெயரைக் காண்பது அரிது. நம் ஏட்டில் உழுதவனும் அவன் மனைவியும் ஞானப்பெற்றோரும் இருக்கின்றனர். பெயருக்கு அருகில் சாதியும் இருக்கிறது. யார் யாருக்கு ஞானப்பெற்றோராய் நின்றனர், யார் நிற்கவே இல்லை, யார் எங்கே அடக்கம் செய்யப்பட்டனர் என்பதை அடுக்கிப் பார்த்தால், நாம் விரும்பாத சில உண்மைகளும் எழுந்து வரும். நூற்றாண்டு மலர்களில் அவை வருவதில்லை. மலர் எழுதுவோர் ஆலயக் கோபுரத்தின் உயரத்தையும் பங்குத்தந்தையரின் பட்டியலையும் எழுதி முடித்துவிடுகின்றனர். அப்படிப்பட்ட மலர்களுக்கு வாழ்த்துரை எழுதும் கடமை நமக்கும் அடிக்கடி நேர்கிறது.

இந்த ஏடுகளைப் புழு தின்பதற்கு முன் படிக்க வேண்டும். சத்தியநாத அய்யர் மடல்களைப் படித்ததுபோல், எழுதிய குருவின் நோக்கத்தையும் அவர் கண் மறைத்ததையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அதற்குப் பக்தி மட்டும் போதாது, பயிற்சி வேண்டும். பிறர் வந்து படித்தாலும் நன்றே. நம் பிள்ளைகளுள் சிலரேனும் படிக்க வேண்டும் என்பது நம் ஆசை.

அந்த இளைஞர் முதுகலையை முடித்து இப்போது ஆய்வுக்குப் பதிவு செய்திருக்கிறார். வார நாள்களில் ஒரு தனிப் பயிற்சி நிலையத்தில் பாடம் நடத்துகிறார். சனிக்கிழமை பிற்பகல்களில் பங்கு இல்லத்துக்கு வருகிறார். இலத்தீன் தெரியாது, குருமடத்தில் நாம் கற்ற இலத்தீன் இத்தனை ஆண்டுகளுக்குப் பின் பயன்படுகிறது. அடக்கப் பதிவேட்டில் 1877ஆம் ஆண்டின் பக்கங்களை நாங்கள் இருவரும் சேர்ந்து படித்தோம். பெரும் பஞ்சத்தின் ஆண்டு அது. முந்தைய ஆண்டுகளில் ஒரு பக்கத்தில் ஒரு மாதம் அடங்கும்; அந்த ஆண்டில் ஒரு வாரத்துக்கே பக்கம் போதவில்லை. தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் தந்தை பெயர், ஊர், வயது எல்லாம் எழுதிய குரு, ஆகஸ்டு மாத அளவில் பெயரை மட்டும் எழுதுகிறார். பிறகு ஓரிடத்தில் பெயரும் இல்லை. வழியில் கிடந்த ஒரு பெண், ஒரு குழந்தை என்று மட்டும் இருக்கிறது. இளைஞர் அந்த வரியையும் ஓர் எண் இட்டுத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். இப்போது 1881ஆம் ஆண்டு வரை வந்திருக்கிறார்.